பிஸ்கட் இல்லாத வீடு

"இடுப்பு கழண்டு போச்சு சார். உக்காந்தபடியே பேசுறேன். மரியாதை தெரியாதவன்னு எழுதிடாதீங்க" என்றாள் பட்டறைக்காரி.

காலையிலிருந்து ஒரு இரும்புக் கதவைத் தூக்கி நிறுத்தி, புரட்டி, மறுபடி நிறுத்தியதில் முதுகெலும்பு எங்கெங்கே இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது. இந்த நேரம் பார்த்துத்தான் அவர் வந்து நின்றார். தேய்த்த சட்டை, கக்கத்தில் பை. வந்ததும், "பொண்ணு எங்கே?" என்றார்.

காப்பகத்துப் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கக் கூட்டி வந்த நாளிலிருந்து இப்படி எத்தனையோ ஆபீசர்கள். யார், என்ன என்று கேட்கும் பழக்கமே அவளுக்கு விட்டுப்போயிற்று. கட்டில், அலமாரி, அடுப்படி என்று தானே முந்திக்கொண்டு திறந்து காட்டிவிடுவாள். இவருக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றாகக் கைகாட்டினாள்.

அவர் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. "பதினாறு வயசுப் பொண்ணு கையில நெருப்பக் குடுத்திருக்கீங்க. கேக்க நாதியில்லன்னு நினைச்சீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "பள்ளிக்கூடம் முடிஞ்சு ரெண்டு மணி நேரம் வெல்டிங் கத்துக்குறா. பதினெட்டு ஆனா உதவி நின்னுடும்னு சொல்றதே நீங்கதானே சார்? அன்னைக்கு அவ வெறுங்கையோட தெருவுல நிக்கணுமா?"

"சம்பளமில்லாம ஒரு ஆள் கிடைச்சா யாருக்குத்தான் கசக்கும்?"

இடுப்பாவது ஒன்றாவது, எழுந்தேவிட்டாள். "நரம்பில்லாத நாக்குன்னு எப்படி வேணா பேசாதீங்க! வந்த புதுசுல ரொட்டிய தலகாணிக்கு அடியில ஒளிச்சு வெப்பா. நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோன்னு பயம். கதவு சாத்துற சத்தம் கேட்டா தூக்கிவாரிப் போடும். அன்னைக்கு எங்க போச்சு இந்த நாதி? சொந்தம்னு ஒரு நாய் எட்டிப் பாக்கல! இதையும் எழுதிக்கோங்க!"

அவர் பையைத் திறக்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். குரலும் இறங்கியது. "இப்ப கையில காசு வருதா அவளுக்கு? இடது கைக்காரியாச்சே, வேலை ஓடுதா?"

"எந்தக் கையா இருந்தா என்ன? அவ பத்தவெச்ச இடத்துல சுத்தியலால அடிச்சுப் பாருங்க, சுத்தியல்தான் உடையும். வர்ற காசு அவ பேர்ல பேங்குக்குப் போகுது."

சொல்லிவிட்டு அவளே யோசித்தாள். வருகிறவர்கள் எல்லாம் என்ன சாப்பிடுகிறாள், எங்கே தூங்குகிறாள் என்றுதான் கேட்பார்கள். என்ன சம்பாதிக்கிறாள் என்று கேட்ட முதல் ஆள் இவர்தான்.

"சரி, துணிமணிய எடுத்து வெக்கச் சொல்லுங்க. அவள நான் கூட்டிட்டுப் போறேன்."

ஆபீசர் மனசு வைத்தால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடலாம். பக்கத்துத் தெருவில் அப்படி நடந்திருக்கிறது. வாயைக் குடுத்து மாட்டிக்கொண்டோமே என்று கோபத்தை முழுங்கினாள்.

"ஒரு டீ குடிங்க சார், உக்காந்து பேசுவோம். பிஸ்கட்தான் கிடையாது. அவ தொடமாட்டா, வீட்டுக்குள்ள வாங்கவும் விடமாட்டா. ஏன்டின்னு கேட்டா வாயத் திறக்கமாட்டா."

"டீ வேண்டாம்" என்று அவசரமாக மறுத்தார் அவர்.

பட்டறைக்குள் வெல்டிங் சத்தம் நின்றது. முகமூடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டபடி அந்தப் பெண் வாசலுக்கு வந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவருக்கு எதுக்குப் பெரியம்மா டீ? இவர் ஆபீசர் இல்ல. என் தாய்மாமன்."

பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "அம்மாவும் அப்பாவும் போன கையோட என்னைக் காப்பகத்து வாசல்ல உக்கார வெச்சு, 'இங்கயே இரு, பிஸ்கட் வாங்கிட்டு வந்துடுறேன்'னு போனீங்களே மாமா, அந்த பிஸ்கட் இன்னும் பாக்கி."