சொந்தமாக யோசிக்கும் பிள்ளைகள்

மாணவன் பதில் சொல்லச் சொல்ல, ஆய்வாளர் அம்மாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டே இருந்தன. தப்புகளை ஒன்றுவிடாமல் எண்ணுகிறார் என்றே பள்ளி முதல்வர் முடிவுகட்டினார்.

சர்வதேச டிப்ளமோ படிப்பு நடத்தப் பள்ளி அனுமதி கேட்டிருந்தது. சோதனைக்கூடம், நூலகம், ஆசிரியர்களிடம் விசாரணை எல்லாம் நல்லபடியாக முடிந்து, மாணவர்களோடு பேசுவதுதான் பாக்கி. பின்வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம் என்று முதல்வருக்குச் சலுகை கிடைத்திருந்தது.

"இந்தத் தடவையும் கோட்டை விட்டீங்கன்னா, உங்க நாற்காலிக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்று தாளாளர் காலையில்தான் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதை எல்லாம் செய்து முடித்தவர்.

இந்தப் படிப்புக்கு மனப்பாடம் உதவாது, பிள்ளைகள் சொந்தமாக யோசிக்க வேண்டும். ஆகவே, சொந்தமாக யோசிப்பது எப்படி என்பதைப் பிள்ளைகள் ராப்பகலாக மனப்பாடம் செய்திருந்தார்கள். பல பள்ளிகளைக் கரையேற்றிய ஓர் ஆலோசகர் வந்து எல்லாப் பதில்களையும் உருப்போட வைத்திருந்தார். எந்த இடத்தில் "ம்..." என்று இழுப்பது, எப்போது தலையைச் சொறிந்துகொண்டு மின்விசிறியைப் பார்ப்பது என்பதுகூட அவர் பாடத்தில் உண்டு.

ஆய்வை முன்னிட்டு மின்விசிறியைக் கழற்றிவிட்டு ஏ.சி. மாட்டியதுதான் வினை. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தலையைச் சொறிந்துகொண்டு, வெறும் கொக்கியைப் பார்த்து யோசித்தார்கள். முதல்வர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பயப்படாம பேசுங்க. நானும் டீச்சர்தான். எங்க ஸ்கூலுக்கே போன வருஷம்தான் அனுமதி கிடைச்சுது" என்று வந்ததும் வராததுமாகச் சொல்லியிருந்தார் ஆய்வாளர். ஆட்டை வெட்டுமுன் தடவிக் கொடுக்கிற மாதிரிதான் முதல்வருக்கு அது பட்டது.

கடைசியாக ரேடியோ எழுந்தாள். ஞாபகசக்தியில் புலி, ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள் என்பதால் வகுப்பே வைத்த பெயர் அது. முதல்வருக்கு அப்பாடா என்றிருந்தது.

"நீ ஒரு தப்பு பண்ணிட்டா, இந்த ஸ்கூல்ல என்னம்மா நடக்கும்?"

"மிஸ் திட்ட மாட்டாங்க மேடம். ஏன்னா... ம்..."

தலையைச் சொறிந்தாள். கொக்கியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அருமையாக யோசிக்கிறாள் என்றுதான் முதல்வர் முதலில் நினைத்தார். ரேடியோவின் கண்ணில் நீர் கோத்ததும்தான் விஷயம் புரிந்தது. ரேடியோ நின்றுவிட்டது.

அடுத்த வரி முதல்வருக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும், சொல்லாவிட்டாலும் நாற்காலி போய்விடும். வாழ்நாளெல்லாம் வாத்தியார் வேலை பார்த்துவிட்டு இப்படியா மானம் போக வேண்டும் என்று அழுகையே வந்துவிட்டது.

ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு முன்னால் குனிந்து, ரேடியோவுக்கு மட்டும் கேட்கும்படி சொல்வதாக நினைத்துக்கொண்டு, அறைக்கே கேட்கும்படி கிசுகிசுத்தார்.

"எங்க பசங்களும் இந்த இடத்துலதான் மறந்தாங்க கண்ணு... 'தவறுதான் எங்கள் முதல் ஆசிரியர்'. ம், மேல சொல்லு!"