இரண்டு மூடி லிக்விட்

“முன்பக்கம் கதவு வச்ச மெஷினுக்குத் தூள் போடப்படாது வே. நுரை குறைஞ்ச லிக்விட்தான் ஊத்தணும், அதுவும் ரெண்டே மூடி. மூணாவது மூடி ஊத்துதவன் முட்டாள்” என்றார் ஓய்வுபெற்ற செயற்பொறியாளர் திருஞானசம்பந்தம்.

பக்கத்து வீட்டு கோமதிசங்கர், அவர் கட்டியிருந்த வேட்டியையே பார்த்தார். பாளையங்கோட்டையில் அப்படியொரு வெள்ளை கிடையாது. “கண்ணு கூசுது அண்ணாச்சி!”

கண்ணாடிக் கதவுக்குள் வெள்ளைத் துணி சுழன்றுகொண்டிருந்தது. துணியைப் போடுவதும் எடுப்பதும் மனைவி சண்முகசுந்தரியின் வேலை. லிக்விடை அளந்து ஊற்றுவது மட்டும் தொழில்நுட்பம் என்பதால் அதை அவரே செய்தார்.

“சுந்தரி, கால்மிதியடி துவைக்கதுக்கு மட்டும் எதுக்கு ஒரு ஆளு? ஒண்ணாந்தேதியோட இசக்கிச்செல்விய நிக்கச் சொல்லிரு.”

“எதுக்கும் ஒரு மாசம் பொறுத்துப் பாத்து…”

“இந்த வேட்டியப் பாத்த பொறவுமா?”

சண்முகசுந்தரி பின்கட்டுக்குப் போனாள். “ஏட்டி, ஒன்னைய நிக்கச் சொல்லுதாவ.”

துவைகல் பக்கத்தில் இசக்கிச்செல்வி, அவருடைய நேற்றைய வேட்டியைச் சொட்டுநீலத்தில் முக்கிக்கொண்டிருந்தாள்.

“நின்னுக்கிடுதேன்க்கா. நாளைக்கு நெசமாவே அய்யா வேட்டிய மெஷின்ல போடுங்க. மெஷின் வாங்குன மொத நாள் மாதிரி பழுப்பாத்தான் வரும். மறுநாள் அவியளே என்னையத் தேடி வருவாவ.”

“அப்போ ரெண்டு மாசமா அதுக்குள்ள சுத்துத அந்தப் பழைய வேட்டிய என்ன செய்ய?”

“வெளிய எடுத்துருங்க, பாவம். திருநவேலியிலயே அது மாதிரி தெனமும் குளிச்சது யாருமே கிடையாது.”