புதுசா, பழசா?

"இது பழசு! பெட்டியில ரெண்டு வருஷம் கிடந்தது!"

மூக்கு சார் சுருட்டை வாயிலிருந்து எடுக்கக்கூட இல்லை. அதற்குள் பக்கத்தில் நின்ற உதவியாளர் முந்திரிக்கொட்டை கத்திவிட்டார்.

புது மேனேஜர் அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

அந்தச் சுருட்டுக் கம்பெனியில் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கிற சடங்கு இது. அன்று சுற்றிய சுருட்டும், பெட்டியில் போட்டுப் பதமாக்கிய பழைய சுருட்டும் மூக்கு சார் முன்னால் வரும். எதைக் கடைக்கு அனுப்பலாம், எது இன்னும் பெட்டியில் கிடக்கட்டும் என்று அவர் ஊதிப் பார்த்துச் சொல்வார். மோந்து பார்த்தே சுற்றியது யார் என்று சொல்லிவிடுவாராம். பட்டப்பெயர் சும்மாவா வரும்?

உதவியாளருக்கும் அது சும்மா வரவில்லை. நாற்பதைத் தாண்டியும், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பனாகியும், அந்த வாய் மட்டும் அடங்கவே இல்லை.

"நான் சொல்ல வந்ததையே சொல்லிட்டான்" என்று சிரித்தார் மூக்கு சார். "பழசு, பழைய மாப்பிள்ளை மாதிரி மேடம். இருக்கிற இடம் தெரியாது. புதுசு, புது மாப்பிள்ளை. முறுக்கு ஜாஸ்தி, பச்சை வாடை வேற."

"அதை நீங்க சொல்லுங்க சார். இவர் எதுக்குச் சொல்றாரு?" மேனேஜர் அம்மா உதவியாளர் பக்கம் திரும்பினார். "சார் உக்காந்திருக்கிற நாற்காலி மேல உங்களுக்கு ஒரு கண்ணோ?"

"ஐயோ, இல்ல மேடம்!"

மேனேஜர் அம்மா எழுந்து போய், தானே வேறு ரெண்டு சுருட்டு எடுத்துவந்தார். ஒன்று காலையில் சுற்றியது, இன்னொன்று பழசு. எது எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"நீங்க வெளிய போங்க. நாளையிலேருந்து உங்களுக்கு பேக்கிங் செக்‌ஷன். அந்த மெஷின் சத்தத்துல எவ்வளவு வேணும்னாலும் கத்துங்க."

முந்திரிக்கொட்டையின் முகம் செத்துப்போனது. "மேடம், இந்த ரெண்டை மட்டும்..."

"வெளிய!"

"இருந்துட்டுப் போகட்டுமே மேடம். எனக்குப் பழகிப்போச்சு" என்றார் மூக்கு சார். அவர் நெற்றி வேர்த்திருந்தது. என்ன பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டார் மேனேஜர் அம்மா.

கதவு சாத்தப்பட்டது.

மூக்கு சார் மடியில் தடித்த துண்டை விரித்துக்கொண்டார். முதல் சுருட்டைப் பற்றவைத்து, கண்ணை மூடிச் சாய்ந்தார்.

"ம்... ஆழமான சுருட்டு மேடம்."

"சரி. புதுசா, பழசா?"

"அவசரப்படக் கூடாது. சுருட்டு தானா பேசணும்."

சுருட்டு பேசவில்லை. அதன் நுனியிலிருந்து ஒரு கங்கு மட்டும் மேஜைக்கு அந்தப் பக்கம், மடித் துண்டில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் அம்மாவுக்குக் குப்பென்று துணி கருகும் நாற்றம் அடித்தது. ஃபேனைப் பார்த்தார். சுவிட்ச் போர்டைப் பார்த்தார். நாற்றம் அறை முழுக்கப் பரவியது.

"ஆஹா!" என்றார் மூக்கு சார், கண்ணைத் திறக்காமலே. "என்ன மணம்!"

படாரென்று கதவு திறந்தது.

"சார், துண்டு!"

முந்திரிக்கொட்டை ஓடிவந்து மேஜை மேலிருந்த ஜக்கை அப்படியே மூக்கு சார் மேல் கவிழ்த்தார். கவிழ்த்த கையோடு மேனேஜர் அம்மாவைப் பார்த்து மூச்சு வாங்கச் சொன்னார்: "இந்தச் சுருட்டு இன்னிக்குச் சுத்தினது மேடம்! பச்சை வாடை வராண்டா வரைக்கும் வருது!"

"அதேதான்! புதுசு!" என்றார் மூக்கு சார், தாடையில் தண்ணீர் சொட்டச் சொட்ட. "ரசிச்சுக்கிட்டே இருந்துட்டேன் மேடம். துண்டைக் கவனிக்கல."

மேனேஜர் அம்மா துண்டில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். மூக்கு சாரின் மூக்கைப் பார்த்தார். பிறகு முந்திரிக்கொட்டையை வராண்டாவுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"எவ்வளவு நாளா?"

"எது மேடம்?"

"சாருக்கு வாசனை தெரியாதது."

எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்கிற ஆள், இதற்கு மட்டும் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதோட போச்சு. முதலாளிக்குத் தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாரு மேடம்."

"அனுப்பியிருந்தா அந்த நாற்காலி உங்களுக்குத்தானே வந்திருக்கும்?"

"ஆமா." தலையைச் சொறிந்தார். "ஆனா ஊரே மூக்குன்னு கூப்பிடற மனுஷன்கிட்ட, உங்க மூக்கு போச்சுன்னு எந்த வாயால சொல்றது? எனக்குத் தெரியும்ங்கறதே அவருக்குத் தெரியாது. நான் ஓட்டைவாயன், அதனால தப்பிச்சோம்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு. நினைச்சுட்டுப் போகட்டும். என்னைப் பேக்கிங்குக்கே அனுப்புங்க மேடம். வெள்ளிக்கிழமை மட்டும் இங்க விட்டுடுங்க."

மேனேஜர் அம்மாவுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

உள்ளே தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

"இன்னும் என்ன நின்னுக்கிட்டு இருக்கீங்க?" என்று அதட்டினார் மேனேஜர் அம்மா. "ரெண்டாவதைப் பத்தவெச்சுட்டாரு. ஓடுங்க, அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள!"