பால்கனியின் புகார்

சாயங்கால வெயில் காவல் நிலையத்தின் சன்னல் கம்பிகளை ஏட்டையாவின் மேசைமேல் நிழலாகக் கிடத்தியிருக்கிறது. எதிர் பெஞ்சில், வலது காதோரம் ரத்தம் ஊறிய துண்டை அழுத்திக்கொண்டு பால்கனி உட்கார்ந்திருக்கிறார். இப்போது இடிக்கப்பட்டுவிட்ட தியேட்டரின் வாசலில் ஒரு காலத்தில் பிளாக்கில் பால்கனி டிக்கெட் விற்றதால் வந்த பெயர் அது. எவனோ அவரை அடித்துப்போட்டுவிட்டு செல்போனைப் பிடுங்கிப் போயிருக்கிறான். புகார் எழுத உண்மைப் பெயரைத் தட்டியதும் கணினித் திரையில் பழைய பிடிவாரண்ட் எட்டிப் பார்க்கிறது. டிக்கெட் வழக்கில் கோர்ட்டுக்குப் போகாமல் டிமிக்கி கொடுத்திருக்கிறார் மனுஷன். ஏட்டையாவுக்கு மீசைக்குள் சிரிப்பு, கூடவே சங்கடம். கல்யாணமான புதிதில், ஹவுஸ்ஃபுல் போர்டைப் பார்த்து மனைவியின் முகம் வாடியபோது, தான் போலீஸ் என்பதைச் சௌகரியமாக மறந்துவிட்டு இதே ஆளிடம்தான் இரண்டு டிக்கெட் வாங்கினார். என்ன படமென்று நினைவில்லை. இருட்டில் அவள் சிரித்த சிரிப்பு மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

“வாரண்ட் காட்டுதாய்யா?” பால்கனி எழுந்துகொள்கிறார். “புகாரே வேணாம், ஆளை விடுங்க.”

“உக்காருய்யா. அடி வாங்கினவனை உள்ள போட்டா, அடிச்சவனை யாரு காட்டிக்குடுப்பா? முதல்ல புகார், அப்புறம் ஆஸ்பத்திரி. நாளைக்குக் கோர்ட்டுக்கு நானே கூட வரேன்.”

“அதுக்குள்ள நான் ஓடிட்டா?”

“அன்னைக்கு டிக்கெட் நிஜமா போலியான்னு பார்த்தா உன்கிட்ட வாங்கினேன்?”

“அடடே, நீங்களும் நம்ம கஸ்டமரா!”

மின்விசிறி கிறீச்சிடுகிறது. பால்கனி துண்டை இறக்கி மடியில் வைத்துக்கொள்கிறார்.

“எழுதிக்குங்கய்யா. அவன் இடது கைக்காரன்.”