நீர் தேங்காத வழி

"அந்தக் கல்ல மிதிக்காதீங்கக்கா. அது ஆடும்."

அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

மிதித்துப் பார்த்தேன். ஆடியது.

அந்த மலையில் எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்று குளிர்காலத்து விடுமுறை வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் அங்கே நடந்திருக்கிறாள். என் கணவரோடு.

எதிரில் மலைச்சுவரின் உச்சியில் வெயில் வந்துவிட்டது. நாங்கள் நின்ற பக்கம் இன்னும் நிழல். பாறையைத் தொட்டால் விரல் மரத்தது. கீழே இரண்டு மலைச்சுவர்களுக்கு நடுவே பச்சையாகத் தண்ணீர் கிடந்தது.

சிகரத்துக்குப் போகும் வழக்கமான வழி அந்தத் தண்ணீருக்குள்தான். கோடையில் அது வற்றிவிடும். ஆனால் ஓமன் வெயிலில் கோடையில் யார் மலை ஏறுவது? ஏற முடிகிற மாதங்களில் கழுத்தளவு மழைநீர் நிற்கும். நீந்தித் தாண்ட வேண்டும்.

எனக்கு நீச்சல் தெரியாது.

"தூத்துக்குடியில பொறந்துட்டு தண்ணியக் கண்டா பயப்படுதியே. வெளிய சொல்லாதட்டி, மானம் போயிரும்" என்பார் அவர். சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். தெருவில் காருக்குள் அவள் காத்திருப்பாள். அவரோடு வேலை பார்த்தவள். சங்கவி. நன்றாக நீந்துவாள்.

ஆகஸ்டில் அவர் இறந்தார். அலுவலக லிஃப்டில், ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில்.

டிசம்பரில் அவள் போன் செய்தாள். தண்ணீரில் இறங்காமல் போக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம், காட்டுகிறேன் என்றாள்.

கண்டுபிடித்திருக்கிறோம்.

வரவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் ஒன்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவரிடம் எனக்கென்று மட்டும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, இல்லை எல்லாவற்றையும் இவள் பார்த்துவிட்டாளா.

அது வெள்ளாடுகள் போட்ட தடம். ஓராள் அகலம். இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தோம். தடம் அறுந்துபோகும் இடங்களில் வழி காட்ட மூன்று கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன.

"அடிக்கல்லு அவங்க வைப்பாங்க. மேல சின்னது ரெண்டும் நான்."

நான் கேட்கவே இல்லை.

ஒரு திருப்பத்தில் உட்கார்ந்தோம். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினாள். பால் இல்லை. எலுமிச்சை பிழிந்திருந்தது.

"எட்வினுக்கு மலையில இதுதான் வேணும்."

காலையில் காரில் ஏறும்போது எட்வின் அண்ணன் என்றுதான் சொன்னாள். ஏறுகிற வழியில் எங்கேயோ அண்ணன் விழுந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் நான் அவரை ஒருமுறைகூடப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இருபத்திரண்டு வருடமும் பால் டீதான் போட்டேன். ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தார்.

என் முகத்தில் எதையோ பார்த்திருப்பாள்.

"அண்ணனுக்கு" என்று திருத்தினாள்.

அது இன்னும் வலித்தது.

பத்தரை மணிக்குத் தடம் ஒரு பிளவின் அடியில் போய் முடிந்தது. உடைந்த படிக்கட்டுபோல் பிளவு மேலே போனது. அதற்கப்பால் வானம்.

சங்கவி நின்றுவிட்டாள்.

"இதுக்கு மேல நாங்க போனதில்லக்கா."

"ஏன்?"

"மிச்சத்த அவ வந்தப்புறம் பாத்துக்கலாம்னு திரும்பிருவாங்க. இந்த வழியத் தேடினதே உங்களுக்காகத்தான்."

சொல்லும்போது பையின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். அவளை ஜெயித்த சந்தோஷம்.

"நீ இங்கயே இரு" என்றேன்.

"சரிக்கா."

தனியாக ஏறினேன். கையையும் முட்டியையும் ஊன்றி, மூச்சு வாங்க வாங்க. அவள் கால் படாத பாறை. ஒவ்வொரு படியிலும் அதையே சொல்லிக்கொண்டேன்.

பாதி உயரத்தில் பிளவு இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம், பாறையிடுக்கில் ஒரு முள்செடி. அதில் ஒரு துணி கட்டியிருந்தது.

கத்திரிப்பூ நிறம். வெயிலில் வெளுத்திருந்தது. ஓரத்தில் பச்சைக் கரை. அடுப்படிக்கென்று நான் கிழித்து வைத்த என் பழைய நூல் சேலை.

இடது பக்கம் எட்டிப் பார்த்தேன். வெறும் பள்ளம். எது வழி என்று ஏறிப் பார்த்தவர்கள்தான் அதைக் கட்டியிருக்க முடியும்.

அவர் அங்கே தனியாக ஒருநாளும் வந்ததில்லை.

உச்சியில் பாய் விரிக்கும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. காற்று அடித்தது. மலைகளுக்குப் பின்னால் மங்கலாகக் கடல். அவர்கள் இருவரும் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்தேன். முதலில் கடல் பக்கம் உட்கார்ந்தேன். பிறகு எழுந்து ஏறி வந்த பக்கம் பார்த்து உட்கார்ந்தேன்.

அங்கிருந்து அவள் தெரிந்தாள். சிறியதாக, பிளவின் அடியில். மேலே பார்க்காமல் நின்றிருந்தாள்.

இறங்கும்போது துணியை அவிழ்த்தேன். முடிச்சு விடவில்லை. பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. சுருட்டி ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டேன்.

அவ்வளவு நேரமும் அவள் உட்காரவே இல்லை. மூக்கு சிவந்திருந்தது. குளிராகவும் இருக்கலாம்.

"மேல எப்படிக்கா இருந்துச்சு?"

மூன்று குளிர்காலமாகச் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் எல்லாம் வாய்வரைக்கும் வந்தன.

"நல்லா இருந்துச்சு" என்றேன். "யாரும் வந்த தடமே இல்ல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சுவரோடு ஒட்டி ஒதுங்கி எனக்கு வழி விட்டாள்.

"நீங்க முன்னால போங்கக்கா."