மூன்றாம் முறை இருண்ட திரை

"மூணாவது தடவை! ஒரு வயரை ஒழுங்கா மாட்டத் துப்பில்ல, உனக்கெல்லாம் எதுக்குய்யா ஒர்க்‌ஷாப்?"

வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரின் டேஷ்போர்டு திரை மறுபடி எரியத் தொடங்கியும் கார்க்காரருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மெக்கானிக் டூல்களை எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

கார்க்காரரின் மனைவி அவருக்கும் ஒரு படி மேலே போனாள். "அரைகுறை! இவன்கிட்ட விடாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!"

கார்க்காரர் உறுமிக்கொண்டே வண்டியைத் திருப்பப் போனதும் அவள் குரல் இறங்கியது.

"மன்னிச்சுக்கோங்கண்ணே. திரையோட பிளக்கைப் பிடுங்கினது நான்தான். வேகம் தெரியலைன்னா பயந்து உருட்டிக்கிட்டுப் போவாரு. திரை எரிஞ்சா, பிள்ளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு இருநூறைத் தொட்டுக் காட்டுறாரு."

"தெரியும்மா. மூணு தடவையும் பிளக்குல சிவப்பு நெயில் பாலிஷ் ஒட்டியிருந்துச்சு. துடைச்சுட்டுத்தான் அவரைக் கூப்பிட்டேன்."