அடிச்சுத் தொலைடா!

"அடிச்சுத் தொலைடா!" என்று கேலரியிலிருந்து கத்தினார் சுந்தரராமன். சீசன் தொடங்கியதிலிருந்து நியூஜெர்சியின் அந்தக் குட்டி பேஸ்பால் அணிக்குத் தோல்விதான். பேட்டர் டைலர் இன்றும் பந்தைத் தொடாமலே அவுட்.

"உங்களை மாதிரி ஃபேனைப் பார்த்ததே இல்ல, அங்கிள்!" என்றான் பக்கத்து சீட் கபிலாஷ்.

"ஃபேனா? இவன் நல்லா ஆடினாத்தான் பெரிய டீமுக்கு ப்ரமோட் பண்ணுவாங்க. அப்பத்தான் என் வீட்டு மாடி ரூம் காலியாகும்! டீம்ல கேட்டாங்கன்னு இவதான் அவனைத் தங்க வெச்சா" என்று மனைவியை முறைத்தார்.

ராஜலக்ஷ்மி கண்டுகொள்ளவில்லை. "பாவங்க, புள்ள ஏன் இப்படித் தடுமாறுதுன்னே தெரியல. தினமும் மேட்சுக்கு முன்னாடி வயிறு முட்டத் தயிர் சாதம் போட்டுத்தானே அனுப்பறேன்?"

மைதானத்தில் டைலர் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டான்.